தெர்மாகோல் வீடும் அத்தானின் மூன்று கேள்விகளும்

போன வருஷம் பங்குனியில் ஒரு நாள். காலை ஐந்தே முக்கால் மணிக்கு பாளையங்கோட்டையிலிருந்து அத்தானின் போன். அந்த நேரத்தில் போன் வந்தாலே வயிறு கலங்கும் வயசு எனக்கு.

"அக்காவுக்கு என்ன அத்தான்?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"அவ நல்லாத்தான் இருக்கா, காப்பி போட்டுக்கிட்டு இருக்கா. நான் ஒண்ணு கேக்குதேன், சிரிக்காம பதில் சொல்லணும் மாப்ள. தெர்மாகோல்ல வீடு கட்டுவாங்களா?"

சிரித்துவிட்டேன். "எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அத்தான் புராஜெக்ட்?"

எதிர்முனையில் சத்தமே இல்லை. அப்போதுதான் விஷயம் பெரிசு என்று புரிந்தது.

இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் அத்தானைத் தெரியும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். 1988-ல் லோன் போட்டு, விடுமுறை நாளெல்லாம் கொத்தனாரோடு நின்று, ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் வீடு கட்டியவர். மொட்டைமாடியில் செங்கல் ஜல்லி, சுண்ணாம்புத் தளம், மேலே தட்டோடு. 'சுவத்துல தட்டினா கை வலிக்கணும், அதுதான் வீடு' என்பது அவருடைய கட்சி.

அவருடைய ஒரே மகளும் மருமகனும் அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரத்தில் இருக்கிறார்கள். அங்கே மனை வாங்கி வீடு கட்டப் போகிறார்கள். இங்கே இருக்கும் சின்ன மனையை விற்று அந்த வீட்டுக்கு ஒரு பங்கு கொடுப்பதாக அத்தான் வாக்குக் கொடுத்திருந்தார். வயசான காலத்தில் வருஷத்தில் சில மாதங்கள் அக்காவும் அவரும் அங்கே போய் இருப்பதாகவும் ஏற்பாடு. நிலைமை இப்படி இருக்கும்போது முந்தின நாள் இரவு வீடியோ காலில் மருமகப்பிள்ளை ஒரு துண்டுப் பலகையைக் காட்டியிருக்கிறார். இரண்டு பக்கமும் மரத்தூள் பலகை மாதிரி, நடுவில் வெள்ளை வெளேரென்று தெர்மாகோல். 'இதுதான் மாமா சுவர், இதேதான் கூரையும்' என்றிருக்கிறார்.

"வாழ்நாள் சேமிப்பு மாப்ள. மாட்டுப் பொங்கலுக்குப் படகு செய்யுத சாமான்ல கொண்டு போய்க் கொட்டச் சொல்லுதியா? நீ முப்பது வருஷம் கட்டடத்துல நின்னவன். நீ சரின்னா சரி. வேண்டாம்னா நான் மனையை விக்கல."

இப்படி ஒரு பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டார். எனக்கும் அந்தப் பலகையைப் பற்றி மேலோட்டமாகத்தான் தெரியும். ஒரு வாரம் டைம் கேட்டேன். உட்கார்ந்து படித்தேன். அந்த ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டதும் அதற்குப் பிறகு நடந்ததும்தான் இந்த வாரக் கதை.

அட்டைப்பெட்டியின் ரகசியம்

அந்தப் பலகைக்கு அமெரிக்காவில் 'சிப்' என்று பெயர். ஸ்ட்ரக்சுரல் இன்சுலேட்டட் பேனல் என்பதன் சுருக்கம். பாரத்தையும் தாங்கும், வெப்பத்தையும் தடுக்கும் பலகை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் ஓ.எஸ்.பி. என்ற பலகை. மரச் சீவல்களைப் பசை போட்டுச் சூட்டில் அழுத்திச் செய்வது, 11 மில்லிமீட்டர் கனம். நடுவில் நம் தெர்மாகோலின் அண்ணன், கொஞ்சம் கெட்டியான பாலிஸ்டைரீன் நுரை. மூன்றும் பிரிக்க முடியாதபடி ஒட்டப்பட்டிருக்கும். நாலுக்கு எட்டு அடியிலிருந்து எட்டுக்கு இருபத்துநாலு அடி வரை கிடைக்கும். சுவருக்குப் பொதுவாக நாலரை அங்குலம் அல்லது ஆறரை அங்குலக் கனம், கூரைக்கு அதைவிடக் கூடுதல்.

நுரை எப்படிப் பாரம் தாங்கும் என்பது அத்தானின் முதல் சந்தேகம். வாயால் விளக்கினால் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. அதனால் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். "கடையில ஒரு அங்குல தெர்மாகோல் ஷீட் வாங்குங்க. ஒரு சாண் அகலத்துல ஒரு துண்டு வெட்டி ரெண்டு பக்கமும் செங்கல் வச்சு மேல போடுங்க. நடுவுல அகராதியை வைங்க. அப்புறம் இன்னொரு துண்டை எடுத்து மேலயும் கீழயும் கெட்டி அட்டையை ஃபெவிகால் போட்டு ஒட்டி, நல்லா காய விட்டு, அதே மாதிரி செஞ்சு பாருங்க."

பக்கத்து வீட்டுப் பையனைத் துணைக்கு வைத்துக்கொண்டு செய்திருக்கிறார். வெறும் தெர்மாகோல் அகராதிக்கே வளைந்து முறிந்துவிட்டது. அட்டை ஒட்டியது அகராதியைத் தாங்கி, அதற்கு மேல் வைத்த கம்பராமாயணத் தொகுதிகளையும் தாங்கியிருக்கிறது. தனியாக அந்த அட்டையை வைத்தால் அதுவும் தொய்கிறது. மூன்றும் சேர்ந்தால்தான் பலம்.

காரணம் எளிது. ஒரு பலகை நடுவில் பாரம் வாங்கி வளையும்போது அதன் மேல்புறம் நசுங்கப் பார்க்கிறது, கீழ்ப்புறம் இழுபடப் பார்க்கிறது. நடுவில் அவ்வளவு வேலை இல்லை. அதனால் கெட்டியான பொருளை மேலும் கீழும் வைத்து, அவை ஒன்றையொன்று விட்டு நகராதபடி நடுவில் லேசான பொருளை ஒட்டினால் போதும். ரயில் தண்டவாளமும் இரும்பு கர்டரும் மேலும் கீழும் தடித்து நடுவில் மெலிந்து இருப்பது இதனால்தான். ஆன்லைனில் புடவை வாங்கினால் வரும் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் பாருங்கள், இரண்டு தாளுக்கு நடுவே அலை அலையாக ஒரு தாள் இருக்கும். அதே தத்துவம்தான்.

"சரி, நிக்கும்னு ஒத்துக்கிடுதேன்" என்றார் அத்தான். "எத்தனை வருஷம் நிக்கும்?"

மேடிசனில் பிறந்த பலகை

இந்தக் கேள்விக்கு விடை தேடினால், வழி நேராக என் மருமகள் இருக்கும் அதே மேடிசனுக்குத்தான் போகிறது. அந்த ஊரில் அமெரிக்க வனத்துறையின் வனப்பொருள் ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1910-ல் ஆரம்பித்தது. மரத்தைக் குறைவாகச் செலவழித்து வீடு கட்ட முடியுமா என்று அங்கே 1935-ல் ஆராய்ச்சி தொடங்கினார்கள். சுவரின் மேல்தோலாக ஒட்டும் ப்ளைவுட் வெறும் மூடியாக இல்லாமல், அதுவும் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கினால் உள்ளே இருக்கும் சட்டங்களைக் குறைக்கலாமே என்பது யோசனை. 1937-ல் அப்படி ஒரு சின்ன மாதிரி வீடு கட்டினார்கள். அதைத் திறந்து வைத்தவர் அன்றைய அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்.

அதே 1937-ல், அதே ஊரில் இன்னொரு வீடும் முடிந்தது. ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்ற பத்திரிகையாளர், புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டிடம் போய், 5,000 டாலரில் ஒரு நல்ல வீடு கட்டித் தர முடியுமா என்று கேட்டார். ரைட் 5,500 டாலரில் கட்டிக் கொடுத்தார். அதன் மரச் சுவர்கள் மூன்று அங்குலம்கூட இல்லாத அடுக்குப் பலகைகள். இன்று அந்த வீடு யுனெஸ்கோவின் உலக பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. 2019-ல் சேர்த்தார்கள். நடுத்தரக் குடும்பத்துக்காகக் கட்டிய மெல்லிய சுவர் வீடு, தஞ்சைப் பெரிய கோயில் இருக்கும் அதே பட்டியலில்!

வனப்பொருள் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் அதோடு விடவில்லை. 1947-ல், நடுவில் அலை அலையான காகித அட்டையை வைத்த பலகைகளால் ஒரு சோதனைக் கட்டடம் எழுப்பி, மழையிலும் பனியிலும் அப்படியே விட்டுவைத்தார்கள். 31 வருஷம் கழித்து, 1978-ல் பிரித்துப் பார்த்தார்கள். மேல்தோலுக்குக் காகித அட்டையையே போட்டவை வெளியே தாக்குப்பிடிக்கவில்லை. ப்ளைவுட் போன்ற தோல் போட்ட பெரும்பாலான பலகைகள் பழைய பலத்தோடு இருந்தன.

நடுவில் நுரையை வைத்தவர் ரைட்டின் மாணவர் ஆல்டன் டவ். மிச்சிகன் மாநிலத்து மிட்லண்ட் நகரத்தில் 1952-ல் அப்படிப்பட்ட வீடுகளைக் கட்டினார். அவருடைய அப்பாதான் டவ் கெமிக்கல் கம்பெனியைத் தொடங்கியவர் என்பதால் நுரைக்குப் பஞ்சமில்லை. பிறகு மலிவான ஓ.எஸ்.பி. பலகை வந்ததும் இது பெரிய தொழிலாகிவிட்டது. 2009-ம் வருஷத்து அமெரிக்க மாதிரிக் கட்டட விதித்தொகுப்பில் இந்தச் சுவருக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது.

"அப்போ நம்ம வீட்டைவிட இதுக்கு வயசு ஜாஸ்தி" என்றார் அத்தான். குரலில் கொஞ்சம் இளக்கம் தெரிந்தது.

எட்டில் ஒரு பங்கு

ஆனால் செங்கல்லை விட்டு ஏன் இதற்குப் போக வேண்டும்? மேடிசனில் ஜனவரி மாதத்துச் சில இரவுகளில் மைனஸ் 20 டிகிரி வரை போகும். வீட்டுக்குள்ளே 20 டிகிரி வேண்டும். நாற்பது டிகிரி வித்தியாசம். நம் ஊரில் வெளியே 40, உள்ளே ஏ.சி. போட்டு 25 என்றால் வித்தியாசம் பதினைந்துதான். அங்கே சுவர் வழியாக நழுவும் சூட்டை ஹீட்டர் இரவு பகலாக ஈடுகட்ட வேண்டும். மாசா மாசம் அதற்குக் காசு.

கணக்கு வாத்தியாரிடம் கணக்காகவே சொன்னேன். நம் செங்கல் சுவர் வழியாகப் போகும் வெப்பத்தோடு ஒப்பிட்டால், அதே கனத்து பாலிஸ்டைரீன் நுரை வழியாகச் சுமார் இருபதில் ஒரு பங்குதான் போகும். உள்ளே சிறு சிறு குமிழிகளில் அடைபட்டு அசையாமல் கிடக்கும் காற்றுதான் காரணம். ஆகவே ஒன்பது அங்குலச் செங்கல் சுவரோடு ஆறரை அங்குல சிப் சுவரை வைத்துப் பார்த்தால், வெளியேறும் வெப்பம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. எடையும் அப்படித்தான். நம் சுவர் ஒரு சதுர அடிக்கு 40 கிலோ. அது இரண்டு கிலோகூட வராது.

அமெரிக்காவில் வழக்கமான வீடு என்பது மரச் சட்டம் வரிசையாக நட்டு, இடையில் கண்ணாடிப் பஞ்சு அடைத்தது. பஞ்சு வெப்பத்தைத் தடுக்கும். ஆனால் 16 அங்குலத்துக்கு ஒரு சட்டம் நிற்கிறதே, அந்தச் சட்டத்தின் வழியாகச் சூடு ஓடிவிடும். சல்லடையில் தண்ணீர் பிடித்த கதை. டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தில் இரண்டையும் முழுச் சுவராகவே நிறுத்திச் சோதித்தார்கள். வெப்பத்தைத் தடுக்கும் திறனுக்கு அங்கே ஆர் என்று ஒரு மதிப்பு உண்டு. மூன்றரை அங்குலப் பஞ்சு அடைத்த சட்டச் சுவருக்கு 10-க்கும் சற்றுக் குறைவு. மூன்றரை அங்குல நுரை வைத்த பலகைச் சுவருக்கு 14. காற்றுக் கசிவில் வித்தியாசம் இன்னும் பெரிசு. ஒரே அளவுள்ள இரண்டு அறைகளில், பலகை அறையில் கசிந்தது மற்றதில் பதினைந்தில் ஒரு பங்குதான்.

இங்கே வரும்போது எனக்கே அந்தப் பலகை மேல் ஆசை வந்துவிட்டது. தீயைப் பற்றியும் பார்த்தேன். நுரை 100 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும், தீப்பிடிக்கும். அதனால்தான் உட்புறம் அரை அங்குல ஜிப்சம் போர்டு கட்டாயம் அடிக்க வேண்டும் என்று அங்கே விதி. எறும்பும் கரையானும் நுரையைத் தின்னாது, ஆனால் குடைந்து கூடு கட்டும். அதற்கு போரேட் மருந்து கலந்த நுரை கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறதே என்று, அத்தானுக்கு 'சரி' சொல்ல போனைக் கையில் எடுத்துவிட்டேன்.

அதற்கு முன் கடைசியாக ஒன்று தேடினேன். முப்பது வருஷ சைட் பழக்கம். எந்தப் பொருளானாலும் 'இது எங்கே தோற்றது?' என்று கேட்காமல் வாங்க மாட்டேன். அப்போதுதான் ஜூனோ கதை கிடைத்தது.

ஜூனோவில் அழுகிய கூரைகள்

அலாஸ்கா மாநிலத்தின் தலைநகரம் ஜூனோ. குளிர் ஊர், வருஷத்தில் பாதிக்கு மேல் மழை நாட்கள். அங்கே இந்தப் பலகையால் கூரை போட்ட பல வீடுகளில், 2000-ஐ ஒட்டிய வருஷங்களில், கூரையின் வெளிப்பக்கத்து ஓ.எஸ்.பி. பலகை அழுகிப்போயிருப்பது தெரியவந்தது. அதுவும் பலகையும் பலகையும் சேரும் இணைப்புகளை ஒட்டியே அழுகியிருந்தது. பலகை சரியில்லையா, மழை இறங்கிவிட்டதா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நிபுணர்கள் போய்ப் பிரித்துப் பார்த்தார்கள்.

வெளியிலிருந்து இறங்கிய மழைத் தண்ணீர் அல்ல அது. வீட்டுக்குள்ளிருந்து போன ஈரம்.

நாலு பேர் உள்ள குடும்பம் சமைத்து, குளித்து, துணி காயவைத்து, மூச்சு விடுவதில் ஒரு நாளைக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் கலக்கிறது. சூடான காற்று மேலே போகும். கூரையின் இணைப்புகளைச் சரியாக அடைக்காமல் விட்டிருந்தார்கள். மேலே போன ஈரக் காற்று அந்த இடுக்கில் நுழைந்து, வெளிப்பக்கத்துக் குளிர்ந்த பலகையைத் தொட்டதும் தண்ணீராக மாறியது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பில் முத்து முத்தாக வியர்க்குமே, அதேதான். இப்படிச் சில குளிர்காலம் நனைந்ததும் பலகை அழுகிவிட்டது. அதே ஊரில் இணைப்புகளை ஒழுங்காக அடைத்துக் கட்டிய கூரைகளுக்கு இந்தக் கதி வரவில்லை.

பலகை நல்லதுதான், ஆனால் இணைப்பில் கோட்டை விட்டால் அது நம்மை மன்னிக்காது. நம் செங்கல் சுவரில் கொத்தனார் ஒரு இடத்தில் கலவை குறைத்தால் ஒரு மூலையில் ஓதம் தெரியும், பூசிக்கொள்ளலாம். அங்கே தவறு சுவருக்குள்ளேயே ஒளிந்துகொண்டு வருஷக்கணக்காகத் தின்னும்.

இன்னொன்றும் உறைத்தது. காற்றே கசியாத வீடு என்றால், உள்ளே இருக்கும் காற்று எப்படி மாறும்? ஈரம் எங்கே போகும்? வெளியேறாத ஈரம் பூஞ்சையாகும். அக்காவுக்கு இருபது வருஷமாக இளைப்பு. மழைக்காலத்தில் அலமாரியைத் திறந்தாலே மூச்சு வாங்கும். மைனஸ் 20 குளிரில் ஜன்னலையும் திறக்க முடியாது. இட்லிக் கொப்பரையும் குக்கரும் நாள் தவறாமல் ஆவி விடும் நம் சமையலறை வேறு.

அத்தானுக்குப் போன் செய்தேன். "வேண்டாம்னு சொல்ல மாட்டேன் அத்தான். ஆனா மூணு கேள்விக்குப் பதில் வந்தப்புறம் மனையை வில்லுங்க" என்றேன். தலைமையாசிரியர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

மூன்று கேள்விகள்

ஒன்று: பலகை சேரும் இடங்களை யார், எதை வைத்து அடைப்பார்கள்? அடைத்தது சரியா என்று ஜிப்சம் போர்டு அடித்து மூடுவதற்கு முன் சோதனை உண்டா? வாசலில் பெரிய ஃபேன் ஒன்றைப் பொருத்தி வீட்டுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி, எங்கெல்லாம் கசிகிறது என்று பார்க்கும் சோதனை அது. அந்தக் குறிப்பிட்ட அழுத்தத்தில் ஒரு மணி நேரத்தில் வீட்டின் காற்று எத்தனை முறை மாறுகிறது என்று ஒரு எண் வரும். குளிர்ப் பகுதிகளுக்கு 2021-ம் வருஷத்து அமெரிக்க மாதிரி எரிசக்தி விதித்தொகுப்பு சொன்ன உச்சவரம்பு 3. மூடிய பிறகு சோதித்தால் ஓட்டை தெரியும், அதை அடைக்க முடியாது.

இரண்டு: காற்றை மாற்ற என்ன ஏற்பாடு? பழைய காற்றை வெளியே தள்ளும்போதே, அதன் சூட்டைப் பிடித்து உள்ளே வரும் புதுக் காற்றுக்குக் கொடுக்கும் கருவி இருக்கிறது. இரண்டு காற்றும் ஒன்றோடு ஒன்று கலக்காமல் மெல்லிய தகடுகளின் இரு பக்கமும் ஓடும். எவர்சில்வர் டம்ளரில் சூடான பாலை ஊற்றித் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்தால் தண்ணீர் சுடுகிறதல்லவா, அப்படி. வெளியே போகும் சூட்டில் முக்கால் பங்கு அளவுக்கு இப்படித் திரும்பப் பிடிக்கலாம். அந்தக் கருவி எஸ்டிமேட்டில் இருக்கிறதா?

மூன்று: கூரைப் பலகைக்கு உட்பக்கம் இணைப்பின் மேல் டேப் ஒட்டுவார்களா? வெளிப்பக்கம், பலகைக்கும் மேலோட்டுக்கும் நடுவே காற்று ஓட இடைவெளி விடுவார்களா? நூற்றில் ஒரு இடத்தில் தப்பி ஈரம் போனாலும் அது காய்ந்து போக வழி வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அத்தான் நோட்டைப் பார்த்து வாசித்தார். நானும் அந்தக் காலில் இருந்தேன். மருமகப்பிள்ளை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "பில்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன் மாமா" என்றார்.

நாலு நாளில் பதில் வந்தது. முதல் கேள்விக்கும் மூன்றாவதுக்கும் பில்டர் தெளிவாகவே பதில் சொல்லியிருந்தார். அந்த ஊரில் நெடுநாள் வேலை செய்தவர், ஜூனோ கதையும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டாவது கேள்வியில்தான் சிக்கல். காற்று மாற்றும் கருவி எஸ்டிமேட்டின் கடைசிப் பக்கத்தில் 'விருப்பப்பட்டால்' என்ற பட்டியலில் இருந்திருக்கிறது. பட்ஜெட் இடித்ததால் அதை அடித்துவிட்டு, பாத்ரூம் ஃபேனே போதும் என்று விட்டிருக்கிறார்கள். அடித்த இடத்தில் வந்தது சமையலறைக்கு உசத்தியான கல்மேடை.

மருமகள் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். "நான்தான் மாமா அதை எடுக்கச் சொன்னேன். ஃபேன் மாதிரி ஏதோ ஒண்ணுன்னு நெனச்சுட்டேன். அம்மாவோட இளைப்பு அப்ப ஞாபகம் வரல."

அத்தான் ஒன்றும் திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மேடையை அப்புறமா மாத்திக்கிடலாம் தாயி. சுவத்துக்குள்ள போறதை அப்புறமா மாத்த முடியாது" என்றார். அடுத்த மாதமே மனை கைமாறியது.

சரி, நமக்கு?

இதைப் படித்துவிட்டு மதுரையிலும் சேலத்திலும் இதே பலகையைத் தேடிக் கிளம்ப வேண்டாம். ஓ.எஸ்.பி. தோல் போட்ட பலகை மரம் மலிவாகக் கிடைக்கும் குளிர் நாட்டுக்குப் பிறந்தது. நம் மழைக்கும் கரையானுக்கும் அதை அப்படியே கொண்டுவந்தால், பழகிய ஆள் இல்லாமல் ஜூனோ கதைதான். நம் நாட்டில் இதன் உறவுக்காரப் பலகைகள் வந்துகொண்டிருக்கின்றன. மத்திய அரசின் லைட் ஹவுஸ் திட்டத்தில் இந்தூரில் 1,024 வீடுகளுக்குச் சுவராக வைத்தது சிமென்ட்டும் நுரையும் சேர்ந்த சாண்ட்விச் பலகைதான். அங்கே பாரத்தை இரும்புச் சட்டம் தாங்குகிறது. மாடியில் அறை போட நம் ஊரில் விற்கும் 'பஃப் பேனல்' இன்னொரு உறவு. தகரத் தோல், நடுவில் நுரை. அதை வாங்குபவர்களும் அத்தானின் முதல் கேள்வியை மறக்காமல் கேளுங்கள். இணைப்பை எதை வைத்து அடைப்பீர்கள் என்று.

நம் வீடுகளில் முதல் வைத்தியம் கூரைக்குத்தான். வெறும் கான்கிரீட் தளம், மேடிசன் பலகையைவிடப் பதினைந்து மடங்கு வெப்பத்தை உள்ளே விடும். 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வீடுகளுக்கான எரிசக்தி விதித்தொகுப்பு, எக்கோ நிவாஸ் சம்ஹிதா, கூரை வழியாகப் போகும் வெப்பத்துக்கு 1.2 என்று ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது. நம் வெறும் தளம் அதைப்போல மூன்று மடங்கு. தளத்தின் மேலே 40, 50 மில்லிமீட்டர் கெட்டி நுரைப் பலகை வைத்து, அதன் மேல் கலவை போட்டு டைல் ஒட்டினால் அந்த வரம்புக்குள் வந்துவிடலாம். தளம் வெந்து, இரவெல்லாம் சூட்டைக் கக்காமல் இருக்க, நுரை தளத்துக்கு மேலே இருப்பதுதான் நல்லது. அதற்குக் காசு இல்லையென்றால் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பெயின்ட்டாவது அடியுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். வீட்டுக்குள் சீலிங்கில் வெறும் தெர்மாகோல் ஷீட்டை ஒட்டாதீர்கள். சூட்டுக்கு ஆசைப்பட்டுப் பலர் செய்கிறார்கள். தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், நச்சுப் புகை விடும். மேடிசனில் அதே நுரைக்கு அரை அங்குல ஜிப்சம் போர்டை மூடாமல் குடியேறவே விட மாட்டார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பனி உருகாத கூரை

ஆகஸ்டில் பலகைகள் லாரியில் வந்து இறங்கின. ஜன்னல், கதவு இடமெல்லாம் ஃபேக்டரியிலேயே வெட்டி, ஒயர் போகத் துளையும் போட்டு வந்துவிட்டன. கிரேனில் தூக்கி நிறுத்தி, ஒரு வாரத்தில் சுவரும் கூரையும் முடிந்தன. மூடுவதற்கு முன் சோதனை செய்த அன்று, இரண்டு இணைப்புகளில் கசிவு தெரிந்து மறுபடி அடைத்திருக்கிறார்கள். கடைசியில் வந்த எண் 0.9. அதை எழுதி நோட்டுப் படத்தை அத்தான் எனக்கு அனுப்பினார், அடியில் சிவப்பு மையால் ஒரு 'சரி' போட்டு.

தை பிறந்ததும் பால் காய்ச்ச இருவரும் போனார்கள். போய் ஒரு வாரம் கழித்து அங்கிருந்து போன்.

"மாப்ள, ஒரு வேடிக்கை கேளு. ராத்திரி நல்ல பனி. காலைல எந்திரிச்சு ஜன்னல்ல பாத்தா, எதுத்த வீட்டுக் கூரையில பாதி உருகி, ஓரத்துல ஐஸ் ஈட்டி மாதிரி தொங்குது. நம்ம கூரையில போட்ட பனி போட்டபடி அப்படியே கிடக்கு."

"நல்லதுதான் அத்தான். உங்க சூடு கூரையைத் தாண்டி வெளிய போகலன்னு அர்த்தம்."

"அதைத்தான் நானும் மருமகப்பிள்ளைகிட்ட சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரனுக்கு மட்டும் நம்ம வீட்டுல ஆளே இல்லன்னு தோணும்."

"அக்காவுக்கு எப்படி?"

போன் கை மாறியது. பின்னால் குக்கர் விசில் கேட்டது. "இளைப்பெல்லாம் ஒண்ணும் இல்லடே" என்றாள் அக்கா. "கூடத்து மூலையில ஒரு மெஷின் ராத்திரி பகலா உஸ்ஸுன்னு ஓடிக்கிட்டே இருக்கு, அதை உங்க அத்தான் தினம் ரெண்டு தடவை போய்க் கை வச்சுப் பாக்காரு. சுவத்தையும் தட்டிப் பாக்காரு."

"கை வலிக்குதாமா?"

"வலிக்கல போல. ஆனா இப்பல்லாம் ஒண்ணும் சொல்லதில்ல."